பொரித்த பூண்டும் வாட்ஸ்அப் வைத்தியமும்

வறுத்த பூண்டு 6 பல் தின்றால் 24 மணி நேரத்துக்குள் இரத்த அழுத்தம் சீராவது உட்பட உடம்பில் இன்னின்ன மாற்றங்கள் நிகழும் என்று மணிக்கணக்குப் போட்டுச் சொல்லும் தகவல் ஒன்று பல ஆண்டுகளாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. பூண்டின் மீது எனக்கு மிகுந்த பற்று உண்டு. அதனாலேயே, அதன் பெயரால் இப்படிப்பட்ட வாக்குறுதிகள் பரவுவதைக் காணும்போது வருத்தம் வருகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் ஒருவர் இதை நம்பி மாத்திரையைக் குறைத்துக்கொண்டால் அந்த விளைவுக்கு யார் பொறுப்பேற்பார்கள்?

பூண்டுப் பல்லுக்குள் அலியின் என்னும் கந்தகச் சேர்மமும் அலினேஸ் என்னும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. நறுக்கும்போதோ நசுக்கும்போதோ இரண்டும் கலந்து, 1944இல் கவாலிட்டோ, பெய்லி என்னும் அறிவியலாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டிய அலிசின் உருவாகிறது. பச்சைப் பூண்டின் நெடிக்கும், கிருமிகளைத் தடுக்கும் ஆற்றலுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். முழுப் பல்லை அப்படியே சூடான வாணலியில் போட்டால், கலப்பு நிகழும் முன்பே வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. நசுக்கிப் 10 நிமிடம் வைத்திருந்து பிறகு சமைத்தால் பயன் ஓரளவு எஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தகவல் பரிந்துரைப்பதோ முழுப் பல்.

சத்துக் கணக்கும் அப்படித்தான். 100 கிராம் பச்சைப் பூண்டில் ஏறக்குறைய 149 கலோரியும் 6 கிராம் புரதமும் 31 மில்லிகிராம் வைட்டமின் சியும் உள்ளன. ஆறு பல் என்பது சுமார் 20 கிராம்தான். அதிலுள்ள 6 மில்லிகிராம் வைட்டமின் சியிலும் ஒரு பகுதி சூட்டில் போய்விடும். பொரிக்க ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ ஏறத்தாழ 120 கலோரி.

அப்படியானால் எதற்காகப் பொரிக்க வேண்டும்? சுவைக்காக. அந்தக் காரணமே போதும் என்பது என் உறுதியான கருத்து. பூண்டில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு நீர் என்பதால், அந்த ஈரம் வெளியேறும்வரை எண்ணெயில் குமிழிகள் எழுந்துகொண்டே இருக்கும். பல்லும் மெல்ல வேகும். சலசலப்பு அடங்கத் தொடங்கியதும் நிறம் மிக விரைவாக மாறும். வெளிர்பொன் நிறத்திலேயே அரித்து எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் உட்சூட்டில் இன்னும் சற்றுச் சிவக்கும், கவனம் தவறினால் கசந்துபோகும். மெல்லிய சீவல்களை ஆறிய எண்ணெயில் போட்டுச் சிறு தீயில் சூடேற்றினால் ஒரே சீராக முறுகும். பிலிப்பைன்ஸ் மக்கள் பழைய சோற்றைப் பூண்டோடு வறுத்துச் சினாங்காக் என்று காலையில் உண்கிறார்கள். தாய்லாந்தில் பொரித்த பூண்டை எண்ணெயோடு சேர்த்தே கஞ்சியின் மீதும் நூடுல்ஸின் மீதும் தூவுகிறார்கள். அந்த எண்ணெயை ஒருபோதும் கொட்டிவிடாதீர்கள். பூண்டு சாப்பிட்டால் வயிறு உப்பிப் போகிறவர்களுக்கு, அதற்குக் காரணமான ஃபிரக்டான் என்னும் கார்போஹைட்ரேட் எண்ணெயில் கரையாது என்பதால், பல்லை நீக்கிவிட்டு எண்ணெயை மட்டும் பயன்படுத்தும் வழியும் உண்டு.

நம் பூண்டுக் குழம்பு முறுகலை நாடுவதில்லை. சின்னச் சின்ன நாட்டுப் பூண்டை முழுசாக நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசலில் வேகவிட்டால், காரம் தணிந்து இனிப்பு மேலெழுகிறது. பிள்ளை பெற்ற தாய்க்கு மிளகும் பூண்டும் சேர்த்துப் பத்தியக் குழம்பு வைக்கும் வழக்கத்தை ஏளனம் செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தாய் பூண்டு உண்டால் அதன் மணம் பாலில் இறங்குகிறது என்றும், குழந்தைகள் மார்பில் கூடுதல் நேரம் ஒட்டியிருந்தன என்றும் 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குடித்த பாலின் அளவு கூடியதாக அதில் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உண்மையான ஆபத்து ஒன்றைப் பற்றி அந்த வாட்ஸ்அப் தகவல் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. எண்ணெயில் ஊறிய பூண்டை அறைவெப்பத்தில் நாள்கணக்கில் வைத்தால், காற்றில்லாத அந்தச் சூழலில் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கொடிய நச்சு உருவாகலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் உணவகம் ஒன்றில் பரிமாறப்பட்ட, எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டினால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். நம் பூண்டு ஊறுகாய்க்குப் புளியும் எலுமிச்சைச் சாறும் உப்பும் காவலாக இருக்கின்றன. வெறும் எண்ணெய்க்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே வீட்டில் செய்யும் பூண்டு எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.