பிலாத்துவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சலுகை?

பெரிய வெள்ளி வந்தால் நம் சபைகளில் யூதாஸுக்குத் திட்டு விழும். பிரதான ஆசாரியன் காய்பாவுக்கு விழும். "சிலுவையில் அறையும்" என்று கத்திய கூட்டத்துக்கு விழும். மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்குக்கூட இரண்டு கண்டிப்பு வார்த்தை உண்டு. பிலாத்து மட்டும் நல்ல மனுஷன், பாவம், சூழ்நிலையில் மாட்டிக்கொண்டான் என்கிற கணக்கில் நழுவிவிடுகிறான். ஞாயிறு பள்ளி நாடகத்தில் பார்த்திருப்பீர்கள். பிலாத்து வேஷத்துக்குக் குரல்வளம் உள்ள பையனாகத் தேடிப் பிடிப்பார்கள். தோளில் ஒரு சிவப்புச் சால்வை, எதிரே எவர்சில்வர் பேசின். "இந்த நீதிமானுடைய இரத்தப்பழிக்கு நான் குற்றமற்றவன்" என்று சொல்லி அவன் கை கழுவும்போது சபையே உருகிப்போகும்.

எனக்கு இதில் பல வருஷமாகவே உடன்பாடு இல்லை. இயேசுவைக் கொன்றது ரோம அரசாங்கம். உத்தரவு போட்டது பிலாத்து. மற்றவர்கள் யாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆணி அடிக்கச் சொல்லும் அதிகாரம் அன்றைக்கு எருசலேமில் அந்த ஒரு ஆளிடம்தான் இருந்தது.

விசுவாசப் பிரமாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இயேசுவைத் தவிர இரண்டே இரண்டு மனிதர்களின் பெயர் வருகிறது. ஒருவர் மரியாள், இன்னொருவன் பிலாத்து. யூதாஸ் இல்லை, காய்பா இல்லை. இதை வாராவாரம் வாயால் சொல்லிவிட்டு, பிரசங்கத்தில் வேறு ஆட்களைப் பிடித்து உலுக்குகிறோம்.

சரி, யார் இந்தப் பிலாத்து? கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட ரோம அதிகாரி. கட்டுக்கதை இல்லை. 1961இல் செசரியாவில் பழைய அரங்கத்தைத் தோண்டியபோது, பிற்காலத்தில் படிக்கட்டுக்காக எடுத்துப் போட்டிருந்த ஒரு கல் கிடைத்தது. அதில் ரோம மன்னன் திபேரியுவின் பெயரும், பிலாத்துவின் பெயரும், அவன் பதவியும் லத்தீனில் வெட்டப்பட்டிருந்தன. அவன் வாழ்ந்த காலத்திலேயே வெட்டிய கல்.

அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் இரண்டு மூன்று சம்பவங்களை எழுதி வைத்திருக்கிறார். பதவிக்கு வந்த புதிதில், மன்னனின் உருவம் பொறித்த படைக்கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டுவந்தான். விக்கிரகமே ஆகாது என்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய சீண்டல்! ஜனங்கள் செசரியாவுக்கே நடந்துபோய், அவன் வீட்டைச் சுற்றி ஐந்து நாள் இரவும் பகலும் தரையில் விழுந்து கிடந்தார்கள். ஆறாம் நாள் அவர்களைப் படையை விட்டு வளைத்துக்கொண்டு, கலையாவிட்டால் வெட்டுவேன் என்றான். அவர்கள் கழுத்தைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டார்கள். அப்போதுதான் இறங்கி வந்தான்.

அடுத்த தடவை அவன் இறங்கவில்லை. எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவரக் கால்வாய் கட்டினான். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு ஆலயக் காணிக்கைப் பணத்தில் கை வைத்தான். ஜனங்கள் கூடிக் கூச்சல் போடுவார்கள் என்று தெரிந்து, வீரர்களுக்குச் சாதாரண உடை போட்டுவிட்டு, தடிகளைக் கொடுத்து, கூட்டத்துக்கு நடுவே முன்கூட்டியே நிறுத்தி வைத்தான். நியாயாசனத்தில் இருந்தபடி சைகை காட்டினான். அடியில் செத்தவர்கள் பலர், ஓடும்போது மிதிபட்டுச் செத்தவர்கள் பலர். மஃப்டி போலீஸ் என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே காலத்தில் வாழ்ந்த அலெக்சாந்திரியாவின் பிலோ இன்னும் காட்டமாகவே எழுதியிருக்கிறார். லஞ்சம், கொள்ளை, விசாரணையே இல்லாத கொலைகள் என்று ஒரு பட்டியல். ஜோசிபஸுக்கும் பிலோவுக்கும் அவரவர் சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவிசேஷத்திலேயே ஒரு வரி இருக்கிறதே. லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனம்: பலியிட வந்த கலிலேயருடைய இரத்தத்தைப் பிலாத்து அவர்கள் பலிகளோடே கலந்தான் என்று இயேசுவிடம் சிலர் வந்து சொல்கிறார்கள். கலிலேயர்கள். இயேசுவின் சொந்த ஊர்ப் பக்கத்து ஜனங்கள். இந்த வசனத்தை வைத்துப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் எந்தச் சபை என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

இயேசு வளர்ந்த மண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாசரேத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில் செப்போரிஸ் என்கிற பட்டணம். கி.மு. 4இல் நாட்டை ஆண்ட ராஜாவான பெரிய ஏரோது செத்ததும் அங்கே கலகம் வெடித்தது. சீரியாவிலிருந்து வாரு என்கிற ரோம ஆளுநர் படையோடு வந்தார். பட்டணத்தை எரித்தார்கள். அந்தப் படையெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக ஜோசிபஸ் சொல்கிறார். இயேசு பிறந்ததும் ஏறத்தாழ இதே சமயம்தான். அவர் தச்சு வேலை கற்றுக்கொண்ட வயதில், ஊரில் பெரியவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்க முடியாது. "தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்" என்று பிறகு அவர் சொன்னபோது, கேட்டவர்களுக்குக் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் டாலர் ஞாபகத்துக்கு வந்திருக்காது. அவர்களுடைய மாமனோ சித்தப்பனோ ஞாபகத்துக்கு வந்திருப்பான்.

இப்போது கடைசி வாரத்துக்கு வருவோம். பஸ்கா என்பது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பண்டிகை. அந்நிய ராஜாவிடமிருந்து தப்பித்த கதையை, அந்நிய ராஜாவின் படை தலைக்கு மேலே நிற்கும்போது கொண்டாடுகிறார்கள். ஊர் பிதுங்கி வழியும். அதனால்தான் கடற்கரைப் பட்டணமான செசரியாவில் சொகுசாக இருந்த பிலாத்து, பண்டிகைக்கு எருசலேமுக்கு வந்துவிடுவான். ஆலயத்தை ஒட்டியே அந்தோனியா கோட்டை. பண்டிகை நாட்களில் ஆலய மண்டபங்களின் கூரைமேல் ஆயுதத்தோடு வீரர்கள் வரிசையாக நிற்பது வழக்கம்.

அந்த ஊருக்குள்தான் இயேசு கழுதைக்குட்டியின்மேல் ஏறி வருகிறார். ஜனங்கள் ஓசன்னா பாடி, தாவீதின் ராஜ்யத்தை வாழ்த்துகிறார்கள். அப்புறம் ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகளையும், புறா விற்கிறவர்களின் ஆசனங்களையும் கவிழ்க்கிறார். இதில் மாற்கு சொல்லும் ஒரு சின்ன விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டணத்துக்குள் வந்த அன்றைக்கே கவிழ்க்கவில்லை. சாயங்காலம் ஆலயத்துக்குப் போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டதால் பெத்தானியாவுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள்தான் வந்து கவிழ்த்தார். பார்த்த மாத்திரத்தில் வந்த கோபம் என்றால் அன்று சாயங்காலமே கவிழ்த்திருப்பார். ஒரு ராத்திரி தங்கி, யோசித்துச் செய்த வேலை அது.

காய்பாவுக்கு வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் இருக்கிறது. பிரதான ஆசாரியனை நியமிப்பதும் நீக்குவதும் ரோம ஆளுநரின் கையில். பிலாத்துவுக்கு முன்னால் இருந்தவர் சில வருஷங்களுக்குள் நான்கு பேரைத் தூக்கிவிட்டு, கடைசியாகத்தான் காய்பாவை உட்கார வைத்தார். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பிரதான ஆசாரியன் பண்டிகையில் உடுத்தும் பரிசுத்த வஸ்திரம் அவனிடமே இருக்காது. அந்தோனியா கோட்டையில், ரோமக் காவலில், முத்திரை போட்டுப் பூட்டியிருக்கும். பண்டிகைக்கு ஏழு நாள் முன்னால் கொடுப்பார்கள், முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். தேவனுக்கு முன்னால் நிற்பதற்கு உடுப்பையே ரோமனிடம் வாங்கிப் போடவேண்டிய நிலை. அந்த நாற்காலியில் காய்பா பிலாத்துவின் பத்து வருஷமும் அசையாமல் உட்கார்ந்திருந்தான் என்றால், இரண்டு பேருக்கும் நல்ல புரிதல் இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். இயேசுவை விட்டுவைத்தால் ரோமர் வந்து நம் இடத்தையும் ஜனத்தையும் அழித்துவிடுவார்கள் என்று ஆலோசனைச் சங்கத்தில் பேசிக்கொண்டதாக யோவான் எழுதியிருக்கிறார். கெட்ட மூளைதான். ஆனால் அந்தப் பயம் பொய்யான பயம் இல்லை.

கெத்செமனே, முத்தம், பேதுருவின் மறுதலிப்பு எல்லாம் உங்களுக்கு மனப்பாடம், அங்கே நான் நிற்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மத்தேயுவில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவன் பேச்சு. கலிலேயாக்காரன் வாயைத் திறந்தாலே எருசலேமில் தெரிந்துவிடும். மதுரைக்காரர்களும் நாகர்கோவில்காரர்களும் சென்னையில் இதை நன்றாகவே அனுபவித்திருப்பார்கள்.

விசாரணைக்கு வருவோம். நான்கு சுவிசேஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். முதலில் எழுதப்பட்டது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதும் மாற்குவில், பிலாத்து ஜனங்களைப் பிரியப்படுத்த மனதாகி இயேசுவை ஒப்புக்கொடுக்கிறான். அவ்வளவுதான். மத்தேயுவில் மனைவியின் சொப்பனமும் கை கழுவுதலும் சேர்கின்றன. லூக்காவில் மூன்று தரம் குற்றம் காணவில்லை என்கிறான். யோவானில் உள்ளேயும் வெளியேயும் நடந்து நடந்து, சத்தியமாவது என்ன என்று தத்துவமே பேசுகிறான். காலம் போகப் போக ஆள் வெளுத்துக்கொண்டே போகிறான். பிற்பாடு எத்தியோப்பியத் திருச்சபையில் அவனுக்குப் புனிதர் பட்டமே கிடைத்துவிட்டது.

இதற்கு எனக்குத் தெரிகிற காரணம் எளிது. கி.பி. 70இல் ரோமர் எருசலேமையும் ஆலயத்தையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஆதிச் சபை ரோம சாம்ராஜ்யத்துக்குள்தான் பிழைத்துக் கிடக்க வேண்டும். எங்கள் ஆண்டவரை உங்கள் ஆளுநர் ராஜதுரோகி என்று கொன்றார் என்று ரோமனிடம் போய்ச் சொல்ல முடியுமா? உங்கள் ஆளுநரே அவரை நிரபராதி என்றார் என்று சொல்வது உயிருக்குப் பாதுகாப்பு. அன்றைக்கு அவர்கள் இருந்த இக்கட்டில் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கு எந்த ரோமனைப் பார்த்துப் பயம்?

நடந்த கொலையைப் பாருங்கள், அதில் ரோம முத்திரை எங்கும் இருக்கிறது. வாரினால் அடித்தது ரோம வீரர்கள். முள்முடி வைத்து, சிவப்பு அங்கி போட்டு, யூதருடைய ராஜாவே வாழ்க என்று கேலி செய்தது ரோம வீரர்கள். வழியில் வந்த சிரேனே ஊர் சீமோனைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்ததும் அவர்கள்தான். குடிமக்களை அப்படிப் பிடித்து வேலை வாங்க அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. தலைக்கு மேலே மாட்டிய பலகையில் எழுதியிருந்தது தேவதூஷணம் இல்லை, "யூதருடைய ராஜா". ரோமச் சட்டத்தில் அது ராஜதுரோகம். எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என்று மூன்று மொழியில் பிலாத்து எழுதி வைத்தான், போகிற வருகிறவன் எல்லாரும் படித்துப் பயப்படட்டும் என்று.

1968இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. யெகோகானான் என்கிற வாலிபனுடையது, அதே முதலாம் நூற்றாண்டு. குதிகால் எலும்பில் சுமார் 11 சென்டிமீட்டர் நீள ஆணி குத்தியபடியே இருந்தது. அடிக்கும்போது நுனி வளைந்துவிட்டதால் பிடுங்க முடியாமல், அப்படியே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். இயேசுவுக்கு நடந்தது அன்றைக்கு ரோமனுக்கு ஒரு வழக்கமான வேலை. அரிமத்தியா யோசேப்பு வந்து உடலைக் கேட்டபோது, அதற்குள் செத்துவிட்டானா என்று பிலாத்து ஆச்சரியப்பட்டு, நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டுதான் உடலைக் கொடுத்தான் என்று மாற்கு எழுதுகிறார். அவனுக்கு எழுந்த ஒரே சந்தேகம் அதுதான்.

பிலாத்துவை வெளுத்த வேலைக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள். "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்ற மத்தேயுவின் ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் நூற்றாண்டு நூற்றாண்டாக யூதர்களை அடித்தார்கள். ஈஸ்டர் காலம் வந்தாலே யூதர்கள் கதவைப் பூட்டிக்கொண்ட ஊர்கள் உண்டு. இயேசுவும் யூதர், அவர் அம்மாவும் யூதப் பெண், சீஷர்களும் யூதர்கள் என்பது அடித்தவர்களுக்கு உறைக்கவில்லை. அன்றைய யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் இந்தப் பழியைப் போடக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது 1965இல்தான். எவ்வளவு தாமதம்!

இதை எழுதினால் ஒரு பின்னூட்டம் கட்டாயம் வரும். "பிரதர், எல்லாம் தேவ சித்தம், மனுஷர்களைப் பற்றி என்ன பேச்சு?" அப்போஸ்தலர் நாலாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். தேவனுடைய ஆலோசனைப்படிதான் நடந்தது என்று முழுமனதோடு நம்பிய அதே ஆதிச் சபை, அதே ஜெபத்தில் (பெரிய ஏரோதின் மகனான) ஏரோதையும் பொந்தியுபிலாத்துவையும் பேர் சொல்லியே தேவனிடம் முறையிடுகிறது. தேவ சித்தம் என்பதற்காக அவர்கள் யாருடைய பெயரையும் விட்டுவிடவில்லை.

இன்னொரு பின்னூட்டம்: கூட்டத்துக்கும் காய்பாவுக்கும் பயந்துதானே செய்தான்? சில வருஷம் கழித்து, கி.பி. 36இல், மோசே புதைத்து வைத்த பரிசுத்தப் பாத்திரங்களைக் காட்டுகிறேன் என்று ஒருவன் சொன்னதை நம்பிச் சமாரியர்கள் கெரிசீம் மலையில் ஏறக் கூடினார்கள். ஆயுதமும் வைத்திருந்தார்கள்தான். பிலாத்து குதிரைப்படையை அனுப்பி வழிமறித்து வெட்டினான், பிடிபட்டவர்களில் முக்கியமானவர்களைக் கொன்றான். சமாரியர்கள் சீரியாவின் ஆளுநர் வித்தேலியுவிடம் புகார் கொடுத்தார்கள். அவர் பிலாத்துவைப் பதவியிலிருந்து இறக்கி, ரோமுக்குப் போய்ப் பதில் சொல் என்று அனுப்பிவைத்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் காய்பாவையும் நீக்கினார், அந்த வஸ்திரத்தையும் ஆசாரியர்களிடமே திருப்பிக் கொடுத்தார். பிலாத்து ரோமுக்குப் போய்ச் சேருமுன் திபேரியு செத்துவிட்டான்.

கெரிசீமில் காய்பா இல்லை. கூட்டம் நின்று யாரையும் சிலுவையில் அறையச் சொல்லவும் இல்லை. அங்கே யாருக்குப் பயந்து செய்தான்?