நிழலைப் பார்க்காமல் என்னய்யா சர்வே?

மே மாதம், மத்தியானம் 12.15. சோலார் சர்வேக்கு வந்தவர் மொட்டை மாடி ஏறுகிறார். பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கிறார். லக்ஸ் மீட்டர் ஆப்பைத் திறந்து வானத்தைப் பார்த்து நீட்டுகிறார். "ஒரு லட்சத்துக்கு மேல காட்டுது சார், செம வெயில். 3 கிலோவாட் போட்டுக்கலாம். டெய்லி 12 யூனிட் கன்ஃபார்ம். 78,000 மானியம் வேற வருது." நாலு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன்.

சென்னையில், மே மாதத்தில், வெயில் அடிக்கிறதா என்று பார்க்கவா ஒரு ஆள் வண்டி ஓட்டிக்கொண்டு வரணும்?

முதலில் அந்த போன். அதில் இருக்கும் சென்சார் திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்காக வைத்தது. கையைக் கொஞ்சம் சாய்த்தாலே எண் மாறிவிடும். சரி, நல்ல மீட்டரே என்று வைத்துக்கொள்வோம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அதில் கணக்கிலேயே வராது. பேனலுக்குள் இருக்கும் சிலிக்கான் செல்லோ 1,100 நானோமீட்டர் வரை அந்த அகச்சிவப்பிலிருந்தும் கரன்ட் எடுக்கிறது. பேனலுக்குத் தெரிய வேண்டியது சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்பது. அதை அளக்கும் கருவி பைரனோமீட்டர்.

அந்தக் கருவியையே கொண்டுவந்திருந்தாலும் ஒரு மத்தியானத்து அளவை வைத்துக்கொண்டு, பேனல் ஓடப்போகும் 25 வருடத்துக்கு என்ன சொல்ல முடியும்? வானத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்பதை ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுக்க நிலையங்கள் வைத்து அளந்தது. செயற்கைக்கோள் தரவை வைத்து வெயில் கணக்குச் சொல்லும் குளோபல் சோலார் அட்லஸ், பிவிஜிஐஎஸ் ஆகிய இணையதளங்கள் இரண்டும் இலவசம். ஊரைத் தட்டினால் மாதவாரியாக வந்துவிடும். சென்னையில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 5 யூனிட்டுக்கு மேல். போதுமான வெயில். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்னொன்று, மே மத்தியானத்தில் செல்லின் சூடு 65 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். "செம வெயில்" என்று அவர் சொன்ன அந்த நேரத்தில் பேனல் 14 சதவீதத்தை இழந்துகொண்டிருக்கும்.

எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். உங்கள் மாடியில் எந்த மாதம், எத்தனை மணிக்கு, எது நிழல் போடுகிறது என்பது. அதைப் பார்க்கத்தான் ஆள் நேரில் வரணும். வந்தவர் அதை மட்டும் பார்க்கவில்லை.

வந்த நேரத்தைப் பாருங்கள். மே மத்தியானத்தில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். 4 அடி கைப்பிடிச் சுவரின் நிழல் முக்கால் அடிகூட இருக்காது. வருடத்திலேயே நிழல் ஒடுங்கிக் கிடக்கும் வேளையில் வந்து "நிழலே இல்ல சார்" என்று எழுதிக்கொண்டு போகிறார்.

அவர் முதுகுக்குப் பின்னால்தான் தண்ணீர்த் தொட்டி. முக்கால்வாசி வீடுகளைப் போல வாஸ்து பார்த்துக் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், படிக்கட்டு ரூமுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். ரூம் 8 அடி, தொட்டி 6 அடி, ஆக 14. அதே மாடிக்கு டிசம்பர் 21-ம் தேதி சாயங்காலம் 3 மணிக்கு ஏறிப் பாருங்கள். சூரியன் தென்மேற்கில், வெறும் 34 பாகை உயரத்தில் நிற்கும். நிழல் அந்தந்தப் பொருளின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு. தரையில் ஏறக்குறைய 21 அடி வடகிழக்கே நீண்டு கிடக்கும். பேனலை 4 அடி உயர ஸ்டாண்டில் வைத்தாலும் 15 அடி வரை எட்டிப் பிடிக்கும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை ஏறக்குறைய இப்படித்தான். மழை விட்டு வானம் தெளிந்து, சூடும் இல்லாமல் பேனல் நன்றாக ஓட வேண்டிய ஜனவரி அதில் அடக்கம். ஒரே ஒரு தடவை திரும்பி அந்தத் தொட்டியைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை!

"கொஞ்சம் நிழல்தானே சார், பரவால்ல" என்பார்கள். பரவாயில்லையா? செல்கள் எல்லாம் தொடராகக் கோத்தவை. ஒரு பேனலில் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடு, நிழல் பட்ட பகுதியைத் தாண்டிக் கரன்ட் போக வழிவிடுபவை. ஒரு செல் முழுக்க நிழலில் போனால் அந்த டயோடு காக்கும் மூன்றில் ஒரு பங்கு பேனல் கழன்றுகொள்ளும். 3 கிலோவாட்டுக்கு 550 வாட் பேனல் ஆறு, ஒரே ஸ்ட்ரிங், அதாவது ஆறும் ஒரே தொடராக. தொட்டி நிழல் மூன்று பேனலைக் கவ்வினால் வோல்டேஜ் பாதியாகும். இன்வெர்ட்டர் ஓடத் தேவையான குறைந்தபட்ச வோல்டேஜுக்கும் கீழே போனால் வெயிலில் இருக்கும் மற்ற மூன்றும் சேர்ந்து நிற்கும். கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்பது நிழல் இல்லாத மாடிக்கு, வருடச் சராசரி. அதைத் தொட்டிக்கடியில் நின்றுகொண்டு "கன்ஃபார்ம்" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

இத்தனைக்கும் வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒரு பாகைமானி, அதன் நடுப்புள்ளியில் கட்டிய நூல், நூல் நுனியில் ஒரு நட்டு. பேனலின் கீழ் விளிம்பு வரப்போகும் இடத்தில், அதே உயரத்தில் கண்ணை வைத்து, பாகைமானியின் நேர்விளிம்பு வழியாகத் தொட்டியின் உச்சியைப் பாருங்கள். நூல் 90-லிருந்து எத்தனை பாகை நகர்ந்திருக்கிறதோ அதுதான் உயரக்கோணம். பாகைமானி இல்லையா, கையை நேராக நீட்டி முஷ்டி மடக்கினால் சுமார் 10 பாகை. முஷ்டிமேல் முஷ்டி வைத்து எண்ணுங்கள். சென்னைக்கு டிசம்பர் கணக்கு மூன்று எண்தான்: காலை 9 மணிக்குத் தென்கிழக்கே 32, நண்பகலில் நேர் தெற்கே 53, மாலை 3 மணிக்குத் தென்மேற்கே 34. மதுரைக்காரர்கள் நண்பகலுக்கு 56 என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் திசையில் ஏதாவது அந்தக் கோணத்துக்கு மேல் தலை தூக்கினால் அந்த நேரத்தில் அங்கே நிழல்.

திசைக்குப் போன் காம்பஸை நம்பாதீர்கள், தளத்துக்குள் இருக்கும் கம்பி அதை இழுக்கும். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலின் நிழல் மிகக் குட்டையாகும்போது சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் வடக்கு தெற்கு. சென்னையில் அந்த நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.53, பிப்ரவரி நடுவில் 12.23, மற்ற நாட்களில் இரண்டுக்கும் இடையில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மட்டும் இது சரிவராது, நிழலே விழாது.

"தெற்குப் பக்கம் மட்டும் காலியா இருந்தா போதும்" என்பது அடுத்த பொய். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை நமக்குச் சூரியன் வடக்கே தள்ளிப் போகிறது. ஜூன் 21 காலை 9 மணிக்குக் கிழக்கிலிருந்து 20 பாகை வடக்கே, 44 பாகை உயரத்தில் இருக்கும். வடகிழக்கில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாடி எழுப்பினால் காலை உற்பத்தி போயே போச்சு. அங்கே காலி மனை இருந்தாலே அதையும் கணக்கில் எடுக்கணும்.

சின்னச் சாமான்களையும் விடக்கூடாது. துணி காயப்போடும் 3 மில்லிமீட்டர் கம்பியின் அடர்நிழல் ஓரடியிலேயே கரைந்துவிடும், பயமில்லை. 4 அங்குல வென்ட் பைப்பின் அடர்நிழல் 35 அடி வரை போகும். அந்தப் பைப்பைக் குட்டையாக்க ஒரு பிளம்பர் போதும். சர்வேக்கு வந்தவர் சொல்லியிருந்தால்தானே?

அளக்கத்தான் சோம்பல், துளைக்க மட்டும் அவ்வளவு அவசரம். தட்டோடு பதித்த மாடியில் டிரில்லை வைத்து ஆங்கர் போல்ட் அடிக்கிறார்கள். புயல் காற்றுக்குத் தாங்கும் எடையைக் கணக்குப் பார்த்து காங்கிரீட் பெடஸ்டல் வார்த்தால் ஓட்டையே தேவையில்லை. அதற்கு இரண்டு நாள் கூட ஆகும், அதனால் செய்யமாட்டார்கள். ஐப்பசி அடைமழையில் பெட்ரூம் சீலிங்கில் ஈரம் படரும்போது அந்த ஆளுக்குப் போன் போட்டுப் பாருங்கள், எடுக்கிறாரா என்று.