விழிப்புணர்வு இல்லாததா காரணம்?
தங்களுக்கு நடக்கும் வன்கொடுமைகள் பற்றிப் பழங்குடிப் பெண்கள் புகார் கொடுக்காததற்கு விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர் பக்கம் எஸ்டேட் கூலிக்குப் போகும் பணியர் பழங்குடிப் பெண்ணுக்குத் தனக்கு நடந்தது குற்றம் என்று நன்றாகவே தெரியும். ஆனால் வேலை தருபவன், முன்பணம் கொடுத்தவன், ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் வைத்திருப்பவன் எல்லாம் ஒரே ஆள். குடிசை நிற்கும் இடத்துக்குப் பட்டாவும் கிடையாது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியின் தாய் ஸ்டேஷனுக்குப் போனபோது முதலில் கேட்டது சாதிச் சான்றிதழ், அடுத்து "பேசி முடிச்சுக்கங்க" என்றார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவுப்படி வழக்குப் பதிய முன்விசாரணையே வேண்டியதில்லை. 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவு கொடுக்கச் சொல்கிறது. இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியது அந்தத் தாய்க்கா, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கா? கோர்ட் இருக்கிறதே என்று கட்டுரைக்குக் கீழே கருத்து போட்ட ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தர்மபுரி மாவட்டப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992-இல் 18 பெண்களை வன்புணர்வு செய்தவர்கள் வனத்துறை ஆட்கள். தண்டனை 2011-இல்தான் வந்தது, அதற்குள் குற்றம்சாட்டப்பட்டவர்களில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆகிவிட்டது. விழிப்புணர்வு முகாம் போடுவதானால் முதலில் காவலர்களுக்குப் போடுங்கள். பெண்களுக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி சேரவேண்டிய நில உரிமையைக் கொடுங்கள்.