கடலுக்குப் போகப்போகிற சுவருக்கு எதற்குச் செலவு?

கூட வந்த நண்பர் கேட்டது இது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக்கில், டன்விச் என்ற ஊரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்துச் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அங்கே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மண்டையைக் குடைந்ததால் இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு இருநூறு பேர்கூட இல்லை. ஆனால் 1086-இல் அரசர் எடுத்த கணக்கில் இந்த ஊர் கட்ட வேண்டிய வரியில் 68,000 ஹெர்ரிங் மீன்கள் இருக்கின்றன, அவ்வளவு பெரிய துறைமுகம். கடல் கொண்ட ஊர் என்றதும் நமக்கு ஒரே இரவில் அலை வந்து விழுங்கிய காட்சிதான் மனதில் வரும். இங்கே அப்படி நடக்கவில்லை. 1286 முடிந்து 1287 பிறந்த குளிர்காலத்தில் பெரும்புயல், 1328-இல் இன்னொன்று. அந்த இரண்டாவது புயல் கூழாங்கற்களைக் கொண்டுவந்து குவித்துத் துறைமுக வாயையே அடைத்துவிட்டது. கப்பல் வராத ஊரில் வியாபாரி எதற்கு இருப்பான்? பிழைப்பு போனபிறகு தெருக்கள் ஒவ்வொன்றாகப் போயின, நூற்றாண்டுக் கணக்கில்.

சாம்பல் அங்கி அணிந்த இந்தப் பிரான்சிஸ்கன் துறவிகளின் முதல் மடம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. முதல் புயலுக்குப் பிறகு 1290 வாக்கில், இனி பயமில்லை என்று ஊரின் மேற்குக் கோடிக்கு நகர்ந்து புதிதாகக் கட்டினார்கள். அன்றைய மேற்குக் கோடிதான் இன்றைக்குக் கடலோரம். மடத்துக்குக் கிழக்கே இருந்த ஊர் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கிறது.

இப்போது மிஞ்சியிருப்பது: புல்வெளியைச் சுற்றி வரும் நீண்ட மதில், மேற்கே இரண்டு வளைவு வாசல்கள் (வண்டிக்குப் பெரியது, ஆளுக்குச் சின்னது), நடுவே ஒரு கட்டடத்தின் எலும்புக்கூடு. எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளமாட்டோம் என்று சத்தியம் செய்து, பிச்சையெடுத்துச் சாப்பிட்டவர்களுக்கு ஏழு ஏக்கருக்கு மதில்! சரி, அந்தச் சண்டையை அவர்கள் காலத்திலேயே போட்டு முடித்துவிட்டார்கள்.

கிட்டே போய்ப் பார்த்தால் அது முழுக்கச் சிக்கிமுக்கிக் கல். மாங்கொட்டை அளவில் ஒவ்வொன்றும், வெளியே சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் தோல், உடைந்த பக்கம் மட்டும் கண்ணாடிபோல் கறுப்பாக மின்னுகிறது. அந்த வட்டாரத்தில் செதுக்குவதற்கு நல்ல கல் கிடையாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் மடம் மூடியதும் பெயர்த்துக்கொண்டு போக லாயக்கான கல் எல்லாம் போய்விட்டது. இந்தக் கூழாங்கல்லை யார் சீந்துவார்கள்? யாருக்கும் வேண்டாததால் நின்ற சுவர் இது.

மூடியது கடல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1538-இல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் வந்து மூடினார்கள். மடத்தின் தேவாலயத்தில் தரைக்கு மேலே ஒன்றுமே இல்லை. அலை இன்னும் எட்டாத இடத்தில் ஒரு தேவாலயமே காணாமல் போயிருக்கிறது, ஆனாலும் ஊருக்கு வருகிறவர்களுக்குச் சொல்லப்படுவது மூழ்கிய தேவாலயங்களின் மணி கடலடியில் ஒலிக்கும் என்ற கதைதான். எனக்கு அந்தக் கதைமேல் கொஞ்சம் எரிச்சல். பழியை எல்லாம் தண்ணீர்மேல் போட்டுவிட்டு அரசரை நைசாக வெளியே அனுப்பிவிடுகிறது.

இப்போது நண்பரின் கேள்வி. மதிலை உள்ளூர் அறக்கட்டளை ஒன்று பார்த்துக்கொள்கிறது, கல் பெயர்ந்த இடங்களில் சாந்து வைத்து இறுக்கியிருக்கிறார்கள். செய்யட்டும் என்பேன். எந்தச் சுவருக்குத்தான் சாகாவரம் இருக்கிறது, நாம் வருஷா வருஷம் வெள்ளையடிக்கும் வீட்டுக்கா? ஆனால் அலையைத் தடுக்கக் கான்கிரீட் போடுங்கள் என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பக்கம் இல்லை. மடம் நிற்கும் கடலோர மண்மேடு சரிந்து விழும் மணல்தான் பக்கத்துக் கடற்கரைகளுக்குத் தீனி. இங்கே கட்டினால் அங்கே அரிக்கும். மேட்டின் முகத்தில் பொந்து போட்டுக் கூடு கட்டும் தகைவிலான்களும் இருக்கின்றன, அவற்றுக்குப் புதிதாகச் சரிந்த மண்தான் வேண்டும். அந்தப் பணத்தில், விழுவதற்கு முன்னால் உள்ளே தோண்டிப் பார்க்கட்டும், அளந்து வைக்கட்டும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் கலங்கல் தண்ணீருக்குள் ஒலியலை அனுப்பி, மூழ்கிய தேவாலயங்களின் இடிபாடுகளை வரைபடமாக்கியதுபோல.

போகிறவர்கள் மேற்கு வாசல் வழியாகப் போங்கள், அந்தச் சின்ன வளைவுக்குள் நுழையும்போது கையை நீட்டிக் கல்லைத் தொட்டுப் பாருங்கள், வெயில் நாளிலும் சில்லென்று இருக்கும். அருங்காட்சியகத்தில் பழைய ஊரின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். படம் எடுக்கிறேன் என்று மேட்டின் விளிம்புக்கு மட்டும் போக வேண்டாம். மேலே புல் இருக்கும், கீழே மண் இருக்காது.