தேதி வரியைச் சார்ட் செய்தால் காலவரிசை கிடைக்காது

பல மின்னஞ்சல்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் எம்பாக்ஸ் (mbox) கோப்பிலுள்ள 'டேட்' (Date) வரிகளை, வரிகளைத் தேடியெடுக்கும் கிரெப் (grep) கட்டளை கொண்டு எடுத்து, வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளைக்குக் கொடுத்தாலே மின்னஞ்சல்கள் காலவரிசையில் அமைந்துவிடும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. சார்ட் இயல்பாக எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறது. தேதி என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. அந்த வரி பெரும்பாலும் கிழமையின் ஆங்கிலச் சுருக்கத்தோடு தொடங்குவதால், எல்லா ஆண்டுகளின் வெள்ளிக்கிழமைக் கடிதங்களும் முதலில் திரண்டு, புதன்கிழமைக் கடிதங்கள் கடைசியில் நிற்கும். பினாங்கில் எங்கள் சங்கத்தின் பழைய மடல்களை நானே இப்படி அடுக்கி, 2019ஆம் ஆண்டுக் கூட்ட அழைப்புக்கு முன்னால் 2021ஆம் ஆண்டு நன்றிக் கடிதம் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கிழமையை வெட்டிவிட்டால் போதும் என்பதும் சரியன்று, ஏனெனில் அதன்பின் வரி மாதத்தின் நாள் எண்ணோடு தொடங்கும்; மாதமும் ஆண்டும் அதற்குப் பிறகே வரும். அவற்றைச் சரிசெய்தாலும் நேர மண்டலம் எஞ்சுகிறது. சென்னையிலிருந்து காலை 10:15க்கு +0530 என்ற குறியோடு கிளம்பிய மடல், அதே நாள் கோலாலம்பூரிலிருந்து நண்பகல் 12:00க்கு +0800 என்ற குறியோடு கிளம்பியதைவிட 45 நிமிடம் பிந்தியது. வரியை மட்டும் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு தேதியையும் லினக்ஸில் வழக்கமாக உள்ள குனு டேட் (GNU date) கட்டளையின் 'டி' (-d) தெரிவுக்குக் கொடுத்து (மேக்கில் உள்ள டேட் இப்படி வேலை செய்யாது), 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்படும் நொடிகளாக மாற்றி, அவ்வெண்களை, எண் மதிப்பால் ஒப்பிடச் சொல்லும் 'என்' (-n) தெரிவுடன் சார்ட் செய்ய வேண்டும்.

மட் (Mutt) என்னும் மின்னஞ்சல் நிரலைப் பயன்படுத்துவோருக்கு இந்தச் சிரமம் இல்லை. அதன் வரிசைப்படுத்தும் தெரிவுகளில் 'டேட்' (date) என்பது அனுப்பிய நேரம், 'டேட்-ரிசீவ்ட்' (date-received) என்பது வந்து சேர்ந்த நேரம். அனுப்பியவரின் கணினிக் கடிகாரம் பிசகியிருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.