வேலை தெரியும், படிப்பிக்கத் தெரியுமா?

போன கிழமை ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். "அண்ணை, கொலிஜ்ல பின்னேர வகுப்பு எடுக்கக் கூப்பிடுறாங்கள். ஆசிரியப் பயிற்சி ஒண்டும் இப்ப கட்டாயமில்லையாம், வேலை அனுபவம் காணுமாம். நீங்கள் ரெண்டு வருசம் மினக்கெட்டுப் படிச்சனீங்கள். உண்மையா அது தேவையோ?"

இரண்டு வரியில் பதில் போட நினைத்தேன், முடியவில்லை. இங்கிலாந்தில் கைத்தொழில் ஒன்றை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் எங்கடை ஆட்கள் பலர் இந்தக் கேள்வியோடு நிற்கிறார்கள். அதனால் எல்லாரும் வாசிக்க இங்கேயே எழுதுகிறேன்.

தேவை, தம்பி. நான் அந்தப் பயிற்சி இல்லாமல் ஒரு வருடம் படிப்பித்தவன். அந்த வருடத்தில் நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

2015இல் ஒரு கொலிஜில் வயரிங் வகுப்பு எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை கதைத்தோம், புதன்கிழமை பின்னேரம் வகுப்பில் நின்றேன். 18 வருடம் எலெக்ரிசியனாக வேலை செய்தவன். வீடு, கடை, ஆஸ்பத்திரி என்று வயரிங்கில் நான் கை வைக்காத இடம் குறைவு. வந்திருந்தவர்கள் 14 பேர். பகல் முழுக்க எங்கேயோ வேலை செய்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் வந்த வளர்ந்த மனிதர்கள். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசையில் மூன்று மணித்தியாலம் கதைத்தேன். இடைக்கிடை "விளங்குதா?" என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல வகுப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

முன்வரிசையில் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிட மூத்தவர். கையைப் பார்த்தாலே தெரியும், சின்ன வயதிலிருந்து வேலை செய்த கை. கருவியைத் தூக்கினால் அவரைப்போல ஒருவரும் இல்லை. ஆனால் தாள் கொடுத்ததும் "கண்ணாடியை மறந்துபோனன்" என்றார். அடுத்த கிழமையும் கண்ணாடி இல்லை. மூன்றாவது கிழமையும் இல்லை. நாலாவது கிழமை கதிரை காலியாக இருந்தது. வரவுப் பதிவில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். அவர் பிறகு வரவேயில்லை. நானும் தேடவில்லை.

அடுத்த வருடம், கொலிஜ் ஆசிரியர்களுக்கான ஐந்தாம் நிலை டிப்ளோமாவில் சேர்ந்தேன். படிப்பித்துக்கொண்டே கிழமையில் ஒரு பின்னேரம் நாங்கள் படிக்கப் போவோம். எங்களுக்குப் படிப்பித்த அம்மையார் வளர்ந்தோருக்கு எழுத்தறிவு சொல்லிக்கொடுத்தே காலம் போக்கியவர். ஒருநாள் அவர் எங்களிடம் ஒரு வெற்றுத்தாளைத் தந்து, "வாசிக்கத் தெரியாத ஒரு வளர்ந்த மனிதர் அதை மறைக்க என்னென்ன சொல்லுவார், எழுதுங்கள்" என்றார். ஒவ்வொருவரும் எழுதினோம்: கை நோகிறது. வீட்டை கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வாறன். உந்தக் கடுதாசி வேலையெல்லாம் மனுசிதான் பாக்கிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழுதினார்: கண்ணாடியை மறந்துவிட்டேன்.

எனக்கு அதற்குப் பிறகு அன்று ஒன்றும் எழுத வரவில்லை.

அந்த மனிதருக்கு உண்மையில் வாசிக்கத் தெரியாதா, இல்லை மூன்று கிழமையும் கண்ணாடியைத்தான் மறந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவரிடம் கேட்கும் வழி எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

இந்த நாட்டில் இது அபூர்வமான கதை இல்லை. 1999இல் மோசர் பிரபு தலைமையில் வந்த அரசாங்க அறிக்கை, இங்கிலாந்தில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, கிட்டத்தட்ட 70 லட்சம் பேருக்கு, அன்றாடத் தேவைக்குரிய எழுத்தறிவு இல்லை என்றது. அதில் ஒரு உதாரணம் இருக்கும். மஞ்சள் பக்கத் தொலைபேசிப் புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலைக் கையில் கொடுத்தால், பிளம்பர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று இந்த ஐந்தில் ஒருவரால் கண்டுபிடிக்க முடியாது. இதை வாசித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த ஐந்தில் ஒருவர், பிளம்பர் வேலை படிக்க எங்கள் வகுப்புக்கே வந்து உட்கார்ந்தால் என்ன செய்வோம்?

பள்ளிக்கூடத்துக்கும் வளர்ந்தோர் வகுப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைப் பலர் யோசிப்பதில்லை. பிள்ளை வகுப்பை விட்டு எழும்பிப் போக முடியாது. ஆசிரியர் சரியில்லை என்றால் தாய் தகப்பன் வந்து கேட்பார்கள். வளர்ந்தவருக்கு அப்படி ஒருவரும் இல்லை. அவர் சத்தமில்லாமல் எழும்பிப் போவார். முறைப்பாடு எழுதமாட்டார், ஏனென்றால் பிழை தன்னுடையது என்றுதான் நினைப்பார். முப்பது வருடத்துக்கு முதல் ஒரு வகுப்பறையில் "நீ மொக்கு" என்று யாரோ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, வெட்கத்தை விழுங்கி, எத்தனையோ நாள் யோசித்து அந்தக் கதவைத் திறந்து வந்திருப்பார். இரண்டாம் தடவையும் தோற்றுப்போனால் மூன்றாம் தடவை வருவாரா? ஆகவே மோசமான படிப்பிப்பு எங்கள் துறையில் வெளியே தெரிவதே இல்லை. காலிக் கதிரைதான் தெரியும். அதற்கு ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த டிப்ளோமா எனக்குத் தந்ததில் முதலாவது, "விளங்குதா?" என்ற கேள்வியை நிற்பாட்டியது. அந்தக் கேள்விக்கு வளர்ந்தவர்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு முன்னால் யார் சொல்லுவார்? அதற்குப் பதிலாக, "இந்த வயரைக் கழற்றினால் மற்ற லைற் எரியுமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த நிற்பதுதான் கடினம். 1970களில் மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்தால் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி என்பது சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். முன்னால் நிற்பவருக்கு அது ஒரு யுகம்.

அடுத்தது, என் கைக்குத் தெரிந்ததை என் வாய்க்குத் தெரியாது என்ற உண்மை. ஒரு சேர்க்கிட்டில் வேலை தொடங்க முதல் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, உண்மையில் கரண்ட் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். இதில் ஒரு படி உயிரோடு சம்பந்தப்பட்டது. ரெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு சேர்க்கிட்டில் பார்க்க வேண்டும், பிறகு மறுபடியும் ரெஸ்டரைச் சோதிக்க வேண்டும். ஏனென்றால் நடுவில் ரெஸ்டரே பழுதாகியிருந்தால் கரண்ட் உள்ள வயரையும் அது இல்லை என்று காட்டும். எனக்கு இவ்வளவும் ஒரே மூச்சில் செய்யும் ஒரு வேலை. பயிற்சியில் இதைப் படிப்படியாக எழுதச் சொன்னபோது 11 படிகள் வந்தன. அதில் நாலை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதே இல்லை. கை செய்துகொண்டு போனது, நான் வேறு கதை கதைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முதலில் ஒரு வார்த்தையும் பேசாமல் செய்து காட்டுகிறேன். இரண்டாம் முறை விளக்கிக்கொண்டு செய்கிறேன். மூன்றாம் முறை அவர்கள் சொல்லச் சொல்ல நான் செய்கிறேன், பிழையாகச் சொன்னால் அங்கேயே கை நிற்கும். நாலாவது அவர்களே செய்வார்கள். சத்திரசிகிச்சை வைத்தியர்களைப் பழக்குவதற்கும் இந்த முறையைப் பாவிக்கிறார்கள். 18 வருட வேலையில் இதை நான் தானாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

பயிற்சியில் எல்லாமே பொன் என்று சொல்ல வரவில்லை. ஐந்து ஐந்து நிமிடமாகப் பெட்டி போட்டு நிரப்பும் பாடத்திட்டப் படிவங்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் பிறகு எழுதும் சுயமதிப்பீட்டுக் குறிப்புகள், கோட்பாட்டாளர்களின் பெயர்களை அடுக்கும் கட்டுரைகள் என்று இரவிரவாக இருந்து எழுதியதில் பாதி எனக்கு உதவவில்லை. உதவியது, ஒருவர் பின்னால் உட்கார்ந்து என் வகுப்பைப் பார்த்ததுதான். முதல் தடவை பார்க்க வந்தவர் என் பேச்சைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. ஒவ்வொரு மாணவரின் பெயருக்கு நேரேயும் அவர் எத்தனை தரம் வாய் திறந்தார் என்று கோடு போட்டு வைத்திருந்தார். ஐந்து பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். தம்பிக்குக் கொலிஜில் சொன்னது பொய் இல்லை. 2007 செப்டெம்பரில் வந்த ஒழுங்குவிதி, தம்பியைக் கூப்பிட்ட கொலிஜ் போன்ற மேற்கல்விக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் 5 வருடத்துக்குள் தகுதி பெற வேண்டும் என்றது. 2012இல் அரசு அமைத்த லிங்பீல்ட் பிரபுவின் குழு இதை விட்டுவிடச் சொன்னது, 2013இல் எடுத்துவிட்டார்கள். யாருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை அந்தந்தக் கல்லூரியே தீர்மானிக்கலாம் என்றாயிற்று.

எனக்கு இது ஏற்கமுடியாத விசயம். ஒரு வீட்டில் புதிதாக ஒரு சேர்க்கிட் இழுத்தால், 2005 முதல் கட்டட விதிகளின்படி அதை அறிவிக்க வேண்டும். கொழுவியவர் தகுதியானவரா என்று கேள்வி வரும், சான்றிதழ் வரும். அந்த சேர்க்கிட்டை இழுக்க 14 பேருக்குப் பழக்குகிறவரிடம், பழக்கத் தெரியுமா என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

கட்டாயமாக்கினால் ஆட்களே கிடைக்கமாட்டார்கள் என்று கல்லூரிக்காரர் சொல்லுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நல்ல எலெக்ரிசியனுக்கு வெளியே கிடைக்கும் காசைக் கல்லூரி தராது. மணித்தியாலக் கணக்கில் வேலை செய்கிறவர்களில் பலருக்கு வகுப்பில் நிற்கும் நேரத்துக்குத்தான் சம்பளம். பாடம் ஆயத்தம் செய்வதும் தாள் திருத்துவதும் அவர்களின் சொந்த நேரம். அதற்கு மேலே டிப்ளோமாவும் செய் என்றால் எழும்பிப் போய்விடுவார்கள்தான். ஆனால் இதற்கு மருந்து பயிற்சியை எடுத்துவிடுவதா? 2007 விதியே 5 வருடம் அவகாசம் தந்தது. பயிற்சிக்குப் போகும் பின்னேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள், கட்டணத்தைக் கல்லூரியும் அரசும் கட்டட்டும். தொழிலிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து பயிற்றுவிக்க 2018 முதல் அரசு ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறது, ஆகவே முடியாத காரியம் இல்லை. நான் டிப்ளோமா முடிக்கும்வரை எத்தனை சனிக்கிழமை வேலைகளை விட்டேன் என்று என் மனைவிக்குத் தெரியும். எனக்குப் பிறகு வருகிறவர் அப்படிச் செய்யத் தேவை இருக்கக்கூடாது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து பழைய டிப்ளோமாவுக்குப் பதிலாகப் புதியது வந்திருக்கிறது. நான் செய்தபோது 100 மணித்தியாலம் படிப்பித்துக் காட்டினால் போதும். இப்போது குறைந்தது 250. இது சரியான திசை. ஆசிரியத் தொழில் வகுப்பில் நின்றுதான் வரும். டிப்ளோமா முடித்துத் தகுதிநிலை பெற்றவர்களைப் பள்ளிக்கூடங்களும் 2012 முதல் தகுதியுள்ள ஆசிரியராக ஏற்கின்றன. அதை மட்டும் பார்த்து இதற்குள் வருகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குக் கோபமில்லை, ஆனால் எங்களுக்கு இங்கேயே நிற்கிறவர்கள் வேண்டும்.

இந்த நாட்டில் தொழிலாளர் கல்வி எப்படித் தொடங்கியது என்பதைப் பயிற்சியில்தான் படித்தேன். 1800ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் ஜோர்ஜ் பேர்க்பெக் என்ற இளம் பேராசிரியர் தன் வகுப்புக்குச் சில கருவிகள் செய்விக்கப் போனார். செய்துகொண்டிருந்த வேலையாட்கள் இது எதற்கு, எப்படி வேலை செய்யும் என்று சுற்றிநின்று கேட்டார்கள். அவர்களுக்காகச் சனிக்கிழமை இரவுகளில் இலவச வகுப்பு வைத்தார். முதல் நாள் 75 பேர். நாலாவது கிழமை 500 பேர். 1823இல் லண்டனில் தொழிலாளருக்கான கல்வி நிறுவனம் தொடங்கியபோது அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கேள்வி முதலில் வேலையாட்களிடமிருந்து வந்தது என்பது எனக்குப் பிடித்த பகுதி.

தம்பி, வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றவர்கள் தேவை. ஆனால் கையெழுத்து வைக்க முதல் கேளுங்கள்: டிப்ளோமாவுக்கு யார் காசு கட்டுவது, படிக்கப் போகும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, என் வகுப்பை வந்து பார்த்துச் சொல்ல ஒரு மூத்த ஆசிரியரைத் தருவீர்களா. மாணவர்களின் ஆரம்ப வாசிப்பு, கணக்குச் சோதனை முடிவுகளை முதல் வகுப்புக்கு முதலே கேட்டு வாங்குங்கள். தருவதற்குப் பஞ்சிப்படுவார்கள், விடாதீர்கள்.

முதல் கிழமை யாராவது கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொன்னால், ஒன்றும் கேட்காமல் அந்தத் தாளை நீங்களே எடுத்து எல்லாருக்கும் கேட்கச் சத்தமாக வாசியுங்கள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகு, சாமான்களை எடுத்து வைக்க உதவி செய்யச் சொல்லி அவரை மட்டும் நிற்பாட்டுங்கள்.