ஒட்டுனா கெட்டுப்போச்சா?

நேத்து நம்ம ஸ்டாம்பு சேகரிக்கிற குரூப்ல அந்தத் தம்பிக்கு நடந்ததைப் பார்த்தவங்களுக்கு நான் புதுசா சொல்ல வேண்டியதில்ல. அவன் செஞ்ச ஒரே காரியம், 2011 இண்டிபெக்ஸ் ஸ்டாம்பு கண்காட்சிக்கு வந்த விமானத் தபால் நூற்றாண்டு ஸ்டாம்பை அவங்க பாட்டிக்கு எழுதுன லெட்டர்ல ஒட்டி அனுப்பி, அந்தக் கவரை போட்டோ எடுத்துப் போட்டது. அதுக்கு இத்தனை பெரியவங்க சேர்ந்து "அறிவிருக்கா, மிண்ட் (ஒட்டாத புது) ஸ்டாம்பை நாசம் பண்ணிட்டியே"ன்னு மேல விழுந்து, கடைசில அவன் அந்த போட்டோவையே நீக்கிட்டான். எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஸ்டாம்புங்கிறது ஒட்டத்தாங்க.

அது எதுக்கு வந்த ஸ்டாம்பு? 1911 பிப்ரவரி 18, அலகாபாத்ல ஹென்றி பெக்கேன்னு 23 வயசு பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 லெட்டரை ஏத்திக்கிட்டு யமுனைக்கு அந்தப் பக்கம் நைனி வரைக்கும் பறந்தார். உலகத்தோட முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். அது நூறு வருஷம் ஆனதுக்குத்தான் டெல்லில பிப்ரவரி 12லேர்ந்து சரியா 18 வரைக்கும் கண்காட்சி வெச்சாங்க. அந்தப் பையில போன கவர் ஒண்ணு கிடைச்சா நேத்து திட்டுன அதே ஆளுங்க கண்ணுல ஒத்திக்குவாங்க. யாரோ ஒட்டி, முத்திரை குத்தி, போய்ச் சேர்ந்ததாலதானே அதுக்கு அந்த மதிப்பு? அந்தப் பயணத்தைக் கொண்டாட வந்த ஸ்டாம்பு மட்டும் ஆல்பத்தை விட்டு நகரக் கூடாதா?

"உனக்கு சேகரிப்பு பத்தி என்ன தெரியும்"னு வருவீங்க. எங்க சித்தப்பா டெல்லில வேலை பார்த்தப்ப இந்தியா 89 கண்காட்சிக்குப் போய், அங்க வாங்குன ஸ்டாம்பையே ஒட்டி எனக்கு ஒரு கவர் அனுப்புனார். நான் அப்ப ஆறாவது. முத்திரை கோணலா விழுந்து பாதி ஸ்டாம்பு மறைஞ்சிருக்கும். ஒரு ஸ்டாம்பு வியாபாரிகிட்ட காட்டுனப்ப "கவருக்கு வேல்யூ இல்ல, தண்ணில ஊறவெச்சு ஸ்டாம்பை மட்டும் எடுத்துருங்க"ன்னார். சித்தப்பா கையெழுத்துல என் பேரு இருக்கு அதுல, அவர் போய் பன்னெண்டு வருஷம் ஆச்சு, நான் எதை ஊறவைக்கிறது?

அந்த 2011 இண்டிபெக்ஸ்லயே வந்த கதர் ஸ்டாம்பைச் சொல்லுவீங்க. நெசமான கதர்த்துணில காந்தி, விலை 100 ரூபா, அப்ப சாதா கவருக்கு 5 ரூபாதான். அதை யாரும் ஒட்டிருக்க மாட்டாங்க, சரி, நானும் ஒட்டல, பீரோலதான் இருக்கு. அது வேற. இவன் கேஸ் வேற. மிண்டா வெச்சா பின்னாடி விலை ஏறும்னும் சொல்றாங்க, ஏறட்டும், வெச்சுக்கோங்க, யாரு வேணாம்னா? ஆனா காசு குடுத்து வாங்குனவன் அவன், ஒட்டுனவன் அவன்.

நீங்கல்லாம் கடைசியா எப்பங்க லெட்டர் எழுதுனீங்க? பேரன் கைப்பட எழுதுன ஒரு லெட்டர் அந்தப் பாட்டிக்கு வந்திருக்கு. அதைப் பத்தி ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு வார்த்தை சொல்லலையே.

தம்பி, அந்த போட்டோவைத் திரும்பப் போடு. என்கிட்ட அந்த செட்டு ரெண்டு இருக்கு. அட்ரஸை இன்பாக்ஸ்ல அனுப்பு, ஒரு செட்டைக் கவர் மேல ஒட்டியே அனுப்புறேன்.